ஐம்பது விநாடி வெயில்

சித்திரை மாதத்து உச்சிவேளை. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில், யாழ்மூரிநாதர் கோயிலுக்கு வெளியே நின்று உள்ளங்கையை வெயிலுக்குக் காட்டினால், ஐம்பது விநாடியில் அந்தக் கையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1.2 கலோரி வெப்பம் விழுந்திருக்கும். தெளிந்த வானத்து நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற கணக்கில் வரும் எண் இது. கை சற்றுச் சூடேறும், அவ்வளவுதான். வரப்பில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அதே 1.2 கலோரி, ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து விழுந்தால் தோல் வெந்து கொப்பளிக்கிறது. மருத்துவர்கள் இரண்டாம் நிலைத் தீக்காயம் என்று சொல்வதன் தொடக்கம் அது. வெப்பத்தின் அளவு மாறவில்லை, நேரம்தான் சுருங்கியிருக்கிறது. உலகம் முழுவதும் மின்பலகைகளின் முன்னால் நின்று வேலை செய்பவர்களின் பாதுகாப்புக் கணக்கு இந்த 1.2 கலோரியில்தான் தொடங்குகிறது.

மின்சாரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஷாக். தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் ஒன்றுமில்லை என்பதே வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம். ரப்பர் செருப்பு, காய்ந்த கட்டை, கையுறை எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. ஆனால் மின்சாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. இரண்டு பேஸ்களுக்கு இடையிலோ, ஒரு பேஸுக்கும் பூமிக்கும் இடையிலோ உள்ள காற்றே கடத்தியாக மாறி, அதன் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதுதான் மின்வில். ‘பிளாஷ் அடிச்சிடுச்சு’ என்று லைன்மேன்கள் சொல்வது இதைத்தான். எதையும் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றவர்கூட அதில் எரிந்துபோவார்.

காற்று நல்ல மின்காப்பு. ஒரு சென்டிமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு பாய ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். அப்படியென்றால் தெருவில் உள்ள 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் மின்வில் எப்படி வருகிறது? தொடங்குவதற்குத்தான் அவ்வளவு வோல்ட் தேவை. கையிலிருந்து நழுவிய ஒரு ஸ்பேனர் பஸ்பார்கள் எனப்படும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள் இரண்டை ஒரு கணம் இணைத்துவிட்டால் போதும். அந்த இடத்தில் உலோகம் ஆவியாகிறது. ஆவி மின்சாரத்தைக் கடத்துகிறது. கடத்துவதால் மேலும் சூடாகி, சுற்றியுள்ள காற்றும் கடத்தத் தொடங்குகிறது. ஒருமுறை பற்றிக்கொண்ட மின்வில்லைத் தாங்கி நிறுத்த, சென்டிமீட்டருக்கு பத்து இருபது வோல்ட் இருந்தாலே போதும். முப்பதாயிரம் கேட்ட அதே காற்று இப்போது இருபதுக்கு வழிவிடுகிறது. மின்பொறியியலில் இதைவிட வியப்பான மாற்றம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த மாற்றத்துக்கு விளக்கம் எழுதியவர் ஓர் இந்தியர். 1920இல் மேகநாத் சாகா, சூரியனின் வளிமண்டலத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒரு வாயு எந்த வெப்பநிலையில் எந்த அளவுக்கு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும் என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். விண்மீன்களின் நிறமாலையைப் படிப்பதற்காகப் பிறந்த சமன்பாடு அது. டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் எரியும் மின்வில்லுக்கும் அதுவே பொருந்துகிறது. சில ஆயிரம் டிகிரி வரை காற்று பெரும்பாலும் காற்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற எலக்ட்ரான்கள் மளமளவென்று கழன்று வருகின்றன. மின்வில்லின் நடுப்பகுதி பத்தாயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். முனைகளில் 20,000 டிகிரிக்கு அருகில் போகலாம் என்பது கணக்கு. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரிதான்.

மின்வில் மனிதனுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி, பெரும் மின்கல அடுக்கின் இரு முனைகளிலும் கரித்துண்டுகளை வைத்து, அவற்றை மெல்ல விலக்கி, நடுவில் எழுந்த ஒளியைக் கூட்டத்துக்குக் காட்டினார். பிறகு அது தெருவிளக்கானது. அந்த விளக்குகள் ஓயாமல் சீறும், மினுக்கும். ஏன் என்று கண்டுபிடித்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற பெண். கரிமுனையில் உண்டாகும் குழிக்குள் ஆக்சிஜன் புகுவதால்தான் சீறல் வருகிறது என்று 1899இல் லண்டன் மின்பொறியாளர்கள் சங்கத்தில் தன் கட்டுரையைத் தானே வாசித்துக் காட்டினார். அந்தச் சங்கத்தில் அப்படி வாசித்த முதல் பெண் அவர். 1902இல் மின்வில்லைப் பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி, மணமான பெண் என்ற காரணத்தைச் சொல்லி அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. மின்வில்லின் இயல்பைப் பற்றி இன்றைய பொறியாளருக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதிக்கு அடித்தளம் போட்டவர் அவர்.

விளக்கில் அடங்கி எரிந்த மின்வில்லில் சில ஆம்பியர்கள்தான் ஓடின. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் நிலைமை வேறு. தருமபுரத்துக்கு மின்சாரம் தருவது புதுச்சேரி அரசின் மின்துறை. சில கிலோமீட்டர் தள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு மின்வாரியம். கம்பம் யாருடையதானாலும் அதில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரின் இயற்பியல் ஒன்றுதான். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். முழுச்சுமையில் அது தரும் மின்னோட்டம் 333 ஆம்பியர். அதன் உள்தடை நாலரை விழுக்காடு என்று வைத்தால், வாசலிலேயே ஷார்ட் ஆகும்போது 333ஐ 0.045ஆல் வகுத்த அளவு, அதாவது 7,400 ஆம்பியர் வரை பாய முடியும். 500 கேவிஏ என்றால் 14,800. வோல்ட் இரண்டிலும் ஒன்றுதான், 433. டிரான்ஸ்பார்மர் பெரிதாகப் பெரிதாக, அதனருகே உள்ள பலகை அதே வோல்ட்டில் பலமடங்கு கொடியதாகிறது.

இந்த ஆபத்தை முதலில் கணக்காக்கியவர் ரால்ஃப் லீ. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். 1982இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஷாக்கைத் தவிர மின்சாரத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது என்று தலைப்பிலேயே சொன்னது. ஒரு மின்வில் எவ்வளவு சக்தியை உமிழும், எவ்வளவு தூரத்தில் நிற்பவரின் தோல் எவ்வளவு நேரத்தில் வேகும் என்று அவர் சூத்திரம் தந்தார். அதற்குமுன் மின்தீக்காயங்கள் இல்லாமலா இருந்தன? இருந்தன. ‘ஷார்ட் ஆகி முகம் கருகிவிட்டது’ என்று விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டார்கள். லீக்குப் பிறகு அது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய ஒன்றானது. கணக்கிட முடிந்ததைத் தடுக்கவும் முடியும். 2002இல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1584ஆம் எண் வழிகாட்டி சோதனைகளின் அடிப்படையில் வந்தது. 2018இல் அதைத் திருத்தியபோது 1,800க்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவுகள் கையில் இருந்தன.

அந்தச் சோதனைகள் காட்டிய ஒரு செய்தி, முதலில் கேட்கும் எவருக்கும் தலைகீழாகத் தோன்றும். பாயும் மின்னோட்டம் குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு என்றுதானே நினைப்போம்? பல சமயங்களில் குறைந்த மின்னோட்டமே அதிகம் சுடுகிறது.

காரணம் பியூஸ். முழு 7,400 ஆம்பியர் பாய்ந்தால் பியூஸ் கம்பி நூறில் ஒரு பங்கு விநாடியில் உருகிப்போகும். ஆனால் மின்வில்லின் வழியே பாயும்போது அந்தக் காற்றுத்தூண் தானே ஒரு தடையாக நிற்கிறது. மின்னோட்டம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. பியூஸுக்கு இப்போது அவசரமில்லை. உருக அரை விநாடி, ஒரு விநாடி என்று எடுத்துக்கொள்கிறது. மின்னோட்டம் பாதியாகக் குறைந்து, நேரம் ஐம்பது மடங்கு கூடினால், எதிரே நிற்பவர்மேல் விழும் வெப்பம் பல மடங்காகிறது. பிரேக்கரை இயக்கும் ரிலேக்கும் இதே நிலைதான். தப்பி விலக இடமுள்ளவர் இரண்டு விநாடிக்குள் நகர்ந்துவிடுவார் என்ற ஊகத்தில், கணக்கிடுபவர்கள் இரண்டு விநாடியை மேல்வரம்பாக வைப்பது வழக்கம். அந்த இரண்டு விநாடியும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நூறு சுழற்சிகள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே கவலை தருகிறது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியையோ, அலுமினியக் கம்பியின் இரண்டு மூன்று இழைகளையோ முறுக்கிக் கட்டிவிடுவது. மோட்டார் கொட்டகையில், கல்யாண மண்டபத்தில், கடைத்தெருவில் இதைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். கட்டியவருக்கு அன்றைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பெட்டியைத் திறக்கும் வயர்மேனுக்குக் கிடைப்பது, அணையவே அணையாத ஒரு மின்வில். அவருடைய காயத்தின் ஆழம் அந்தக் கம்பியின் தடிமனில் முன்னமே எழுதப்பட்டுவிட்டது.

தோலின் பக்கம் வருவோம். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர், தோல் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று அளந்தார்கள். 44 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. பின்னர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலிஸ் ஸ்டோல், தன்னார்வலர்களின் முன்னங்கையில் வெப்பக்கதிரைப் பாய்ச்சி, வலி எப்போது தொடங்குகிறது, கொப்புளம் எப்போது எழுகிறது என்று வரைபடம் போட்டார். விமானத் தீயில் சிக்கும் விமானிகளுக்காகச் செய்த வேலை அது. இன்று மின்தொழிலாளியின் சட்டையைச் சோதிக்க உலகம் முழுவதும் பயன்படுவது அந்த ஸ்டோல் வளைகோடுதான். ஐம்பது விநாடியில் வரும் வெயிலைத் தோலின் இரத்த ஓட்டமும் வியர்வையும் உள்ளே கடத்தியும் வெளியே விட்டும் சமாளிக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு விநாடியில் வருவதைக் கடத்த நேரமில்லை. மேல்தோலிலேயே அது தேங்கிவிடுகிறது. கண் இமைத்து, மூளை உணர்ந்து, கையை இழுக்கத் தொடங்கவே மனிதருக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடும். ‘சுதாரித்துக்கொள்ளலாம்’ என்று அனுபவசாலிகள் சொல்வதை இந்த எண் ஏற்பதில்லை.

வெப்பம் தனியாக வருவதுமில்லை. திட நிலையில் உள்ள செம்பு ஆவியாகும்போது 67,000 மடங்கு விரியும் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. நீர் ஆவியாகும்போது விரிவது ஏறத்தாழ 1,700 மடங்குதான். மூடிய இரும்புப் பெட்டிக்குள் செம்பு அப்படி விரிந்தால் கதவு பிய்த்துக்கொண்டு வரும், செவிப்பறை கிழியும், உருகிய உலோகத் துளிகள் முகத்தில் தெறிக்கும். இன்னொன்றும் உண்டு. பஸ்பாரில் எழும் மின்வில் பிறந்த இடத்தில் நிற்காது. தன் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தவிசையே அதைத் தள்ள, மின்சாரம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பட்டையின் கடைசிவரை ஓடும். பட்டை முடியும் இடத்தில் நின்று, பிளாஸ்மாவை வெளியே பீய்ச்சும். பல பலகைகளில் பட்டையின் முனை கதவைப் பார்த்தபடி இருக்கிறது. கதவுக்கு எதிரேதான் ஆள் நிற்கிறார்.

பிறகு புகை. 2020 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு, தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நீர்மின் நிலையத்தில் மின்பலகைகளில் மூண்ட தீ, பொறியாளர்களும் பணியாளர்களுமாக 9 பேரைக் கொண்டுபோனது. அடைத்துக்கொண்ட சுரங்கத்தில் வெளிச்சமில்லை, புகை வெளியேற வழியில்லை. மின்நிலையத்தின் சுவருக்குள் தொடங்கும் ஒரு பழுது எவ்வளவு விரைவில் மனிதரின் மூச்சுவரை வந்துவிடுகிறது என்பதை நம் நாடு கண்ட இரவு அது.

காரைக்கால் பகுதி சிறியது. ஆனால் மின்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. திருமலைராயன்பட்டினத்தில் நரிமணத்து இயற்கை எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், நிலக்கரி இறங்கும் துறைமுகம், ஆலைகள், ஐஸ் தொழிற்சாலைகள், இறால் பண்ணைகளின் மோட்டார்கள். இவை எல்லாவற்றின்மேலும் கடற்காற்று வீசுகிறது.

கடலோர மின்சாரத்துக்கு உப்பு ஒரு தீராத தொல்லை. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் பறந்து, பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்து காய்கின்றன. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதைக் கழுவியும் விட்டுவிடும். தொல்லை தருவது தை, மாசி விடியலின் பனியும், கோடையில் பெய்தும் பெய்யாமலும் போகும் தூறலும். உப்பை நனைக்கப் போதும், கழுவப் போதாது. நனைந்த உப்புப் படலத்தில் கசிவு மின்னோட்டம் ஓடுகிறது. ஓடும் வெப்பத்தில் ஆங்காங்கே வளையம் வளையமாகக் காய்கிறது. காய்ந்த அந்தக் குறுகிய வளையத்தின் மேல்தான் மொத்த வோல்ட்டும் வந்து நிற்கும். அங்கே ஒரு சின்ன மின்வில் தாவுகிறது. அது நீண்டு நீண்டு இன்சுலேட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டிவிட்டால் முழு பிளாஷ். விடியற்காலையில் கம்பத்திலிருந்து வரும் ‘கிர்ர்’ என்ற ஓசை இந்தப் போராட்டத்தின் ஓசைதான். கடலோரத்துக்கென்று நீளமான கசிவுப்பாதை கொண்ட இன்சுலேட்டர்களை வடிவமைப்பதும், அவ்வப்போது கழுவுவதும் இதனால்தான்.

பெட்டிகளுக்குள் உப்பு வேறுவிதமாக வேலை செய்கிறது. போல்ட் இணைப்புகள் அரிக்கப்பட்டுச் சூடாகின்றன. கதவின் ரப்பர் இற்றுப்போன இடைவெளியில் பல்லி நுழைகிறது, எலி நுழைகிறது, அதைத் தேடிப் பாம்பு நுழைகிறது. 2021 ஜூனில் அப்போதைய தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பிகளில் அணில் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்றபோது ஊரே சிரித்தது. அன்றைய மின்தடைக்கெல்லாம் அணில்தான் காரணமா என்ற வாதம் வேறு. அணிலால் மின்தடை வரும் என்பதில் மட்டும் ஐயமில்லை. 1987இலும் 1994இலும் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வணிகமே அணிலால் நின்றுபோனது. இரு பேஸ்களுக்கு இடையில் ஓர் உடல் விழுந்தால், அது பல்லியாக இருந்தாலும் அணிலாக இருந்தாலும், மின்வில்லுக்குத் தொடக்கம் கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெட்டியின் கதவு திறந்திருக்கிறதா, அதன் முன்னால் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

இதிலிருந்து காக்கும் வழிகளில் முதலிடம் உடைக்கு இல்லை. சப்ளையை நிறுத்தியபின் வேலை செய்வதுதான் முதல் வழி. ‘எல்.சி. வாங்கியாச்சா?’ என்ற கேள்வியை லைனில் வேலை செய்யும் எவரும் கேட்டிருப்பார். லைன் கிளியர் என்பது ஒரு தாள் மட்டுமில்லை. எந்த சுவிட்சைத் திறந்தோம், அதைப் பூட்டினோமா, சாவி யாரிடம், லைனில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தோமா, லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டினோமா என்ற முழு வரிசையும் அதில் அடங்கும். நிறுத்தியதாக நினைத்துக்கொண்ட லைனில் மின்சாரம் இருப்பதற்குப் பல வழிகள் உண்டு. கம்பத்திலுள்ள ஏ.பி. சுவிட்சின் மூன்று கத்திகளில் ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறான முறையில் இணைத்திருக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத லைன்களில் வாரக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். இருட்டில் தவித்த ஊர்களில் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தகைய நாளில் எர்த் ராடு மாட்டாமல் கம்பியில் கைவைப்பது உயிரைப் பணயம் வைப்பது.

மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையை, இருக்கிறது என்று கொண்டே செய்ய வேண்டும். பலகையைத் திறந்து டெஸ்டரை உள்ளே நீட்டும் அந்த அரை நிமிடத்துக்குத்தான் முகக்கவசமும் உடையும் முதன்மையாகத் தேவைப்படுகின்றன. பிரேக்கரை உள்ளே தள்ளிப் பொருத்தும்போதும், வெளியே இழுக்கும்போதும், பெரிய சுவிட்சைப் போடும்போதும் அப்படித்தான். கதவுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போடும் பழைய கைக்காரர்களின் வழக்கத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது. தூரம் கூடினால் வெப்பம் சட்டென்று குறைகிறது. திறந்தவெளியில் இருமடங்கு தள்ளி நின்றால் நான்கில் ஒரு பங்குதான் வந்து சேரும். பெட்டிக்குள் எழும் மின்வில், திறந்த கதவின் வழியே ஒரே திசையில் கொட்டுவதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் ஒவ்வோர் அடியும் தோலை மிச்சப்படுத்தும்.

உடைக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணைய விதிகள் கையுறை, ரப்பர் காலணி, பாதுகாப்பு வார், ஏணி, எர்த்திங் கருவி, தலைக்கவசம், லைன் டெஸ்டர் என்று ஒரு பட்டியல் தந்தன. ஷாக்கையும் கீழே விழுவதையும் மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. அதில் சட்டையைப் பற்றிய சொல் இல்லை. மின்வில்லின் முன்னால் முதலில் எரிவது சட்டை. அதுவும் பாலியஸ்டர் கலந்த சீருடையாக இருந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுக்கும் வேதனையைத் தீக்காயப் பிரிவில் வேலை செய்த செவிலியர்கள் அறிவார்கள். சாதாரணப் பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகாது. தீத்தடுப்பு செய்த பருத்தி, அராமிட் இழை போன்றவை எரிவதை நிறுத்திக்கொள்ளும். இவற்றைச் சதுர சென்டிமீட்டருக்கு 8 கலோரி தாங்கும், 25 தாங்கும், 40 தாங்கும் என்று தரம்பிரித்து விற்கிறார்கள். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 8 கலோரி உடை என்றால், 8 கலோரி விழும்போது உள்ளே இருப்பவருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் உண்டாக ஐம்பது விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். உயிரைக் காப்பதற்கான உடை அது, காயமே படாமல் காப்பதற்கானதல்ல.

40 கலோரி உடை என்பது தலைமுதல் கால்வரை போர்த்தும் பல அடுக்குத் துணி. வைகாசி மாதத்தில், கடலோர ஈரக்காற்றில், அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்யச் சொல்வது மனிதத்தன்மையற்றது. தொழிலாளி அதைக் கழற்றிவிடுகிறார் என்று குறைசொல்லும் மேலாளர்கள், சப்ளையை நிறுத்தாமல் வேலை வாங்குவதை ஏன் கைவிடவில்லை என்று தங்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் நமக்கும் பங்குண்டு. கரண்ட் போன பத்தாவது நிமிடத்தில் பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்துகிறோம். அந்தக் கத்தல் கம்பத்தடியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நினைப்பதில்லை. எல்.சி. வாங்க அரைமணி ஆகும், பரவாயில்லை, இப்படியே பார்த்துவிடலாம் என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது.

உடையின் சுமையைக் குறைக்கும் வழி இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது. மின்வில் பிறந்ததும் முதலில் வெளிப்படுவது ஒளி. பலகைக்குள் ஒளியை உணரும் கண்களையோ கண்ணாடி இழைகளையோ பதித்து, ஒளியும் மின்னோட்டமும் ஒருசேர எகிறினால் உடனே பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்கள் வந்துவிட்டன. சில மில்லி விநாடிகளில் அவை முடிவெடுக்கின்றன. பிரேக்கர் திறக்க மேலும் ஐம்பது மில்லி விநாடி அளவு. அரை விநாடி எரிந்திருக்க வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்கோடு அணைந்தால், வெப்பமும் ஏறத்தாழ அதே பங்காகக் குறைகிறது. பழைய பலகையில்கூட, ஆள் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் ரிலேயின் தாமதத்தை நீக்கிவைக்கும் ஒரு சாதாரண சுவிட்சைச் சேர்க்கலாம். அந்த நேரத்தில் தேவையில்லாமல் ஓரிரு முறை ட்ரிப் ஆகலாம். ஊர் ஐந்து நிமிடம் இருளும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

ரிலே தவறினாலும் பலகை தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பெங்களூரில் 1960இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற உயர்சக்தி ஆய்வுக்கூடங்களில் செய்வது இது. பலகைக்குள் மூன்று பேஸ்களையும் மெல்லிய கம்பியால் கட்டி, கதவை அடைத்துவிட்டு, முழு ஷார்ட் மின்னோட்டத்தை ஒரு விநாடி வரை பாய்ச்சுகிறார்கள். கம்பி ஆவியாகி மின்வில் எழுகிறது. கதவுக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி, ஆள் நிற்கும் இடத்தில், சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள கறுப்புப் பருத்தித் துணித் துண்டுகளைச் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். வேலையுடையின் எடை அது. கதவு திறக்கக்கூடாது, பக்கங்களில் ஓட்டை விழக்கூடாது, துணி பற்றிக்கொள்ளக்கூடாது. வெடிப்பு மேற்கூரையின் மடல்களைத் தள்ளிக்கொண்டு மனிதர் இல்லாத பக்கமாகப் போய்விட வேண்டும். இவ்வளவு கருவிகள் நிறைந்த கூடத்தில் கடைசித் தீர்ப்பைச் சொல்வது ஒரு முழம் பருத்தித் துணி. இந்தத் தேர்வில் தேறிய பலகைகளை வாங்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு கூடும்தான். தேறிய பலகையும் கதவு அடைத்திருக்கும்வரைதான் காக்கும் என்பதை அதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் தெருக்களில் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் மண்டையோடும் எலும்புகளும் வரைந்த பலகை தொங்குகிறது. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட இடங்களில் எச்சரிக்கைப் பலகை, அந்த மாவட்டத்து மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அபாயம், 11,000 வோல்ட் என்று அது தமிழில் சொல்கிறது. வழிப்போக்கருக்கு அது போதும். பெட்டியைத் திறக்கப்போகிற வயர்மேனுக்கு அது பாதிச் செய்திதான். 11,000 வோல்ட் பலகையைவிட, பெரிய டிரான்ஸ்பார்மரை அடுத்த 433 வோல்ட் பலகை அவரை அதிகம் சுடக்கூடும். அமெரிக்காவில் 2002 முதல், ஆள் நின்று வேலை செய்யும் மின்பலகைகளில் மின்வில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பது விதியானது. பிறகு அதில் எத்தனை கலோரி என்பது போன்ற எண்களும் சேர்ந்தன.

காரைக்காலின் ஆலைகளிலும் துணை மின்நிலையங்களிலும் அந்த எண்களைக் கணக்கிடுவது கடினமான வேலையில்லை. டிரான்ஸ்பார்மரின் அளவு, கேபிளின் நீளம், பியூஸின் வகை, ரிலேயின் நேரம் தெரிந்தால் ஒரு பொறியாளர் சில நாட்களில் முடித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு கதவிலும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் புரியும் தமிழில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒன்றரை அடி தூரத்தில் இத்தனை கலோரி. இத்தனை அடிக்கு உள்ளே இந்த உடை இல்லாமல் வராதே. சப்ளையை நிறுத்த வேண்டிய சுவிட்ச் இது, அது இருக்கும் அறை இது, அதன் சாவி இவரிடம். ரிலேயின் நேரத்தையோ டிரான்ஸ்பார்மரையோ மாற்றினால் அந்தத் தாளையும் அன்றைக்கே மாற்ற வேண்டும்.